காலியாகக் கிடக்கும் அணை

காலியாக இருப்பதுதான் இந்த அணையின் வேலை.

பாசன ஏரி நிரம்பிக் கலிங்கல் வழிந்தால் ஊரே திரண்டு போய் வேடிக்கை பார்க்கும். வெள்ளத்தைத் தடுப்பதற்கென்றே கட்டிய சிறு மண்ணணைக்கு அந்த மவுசு கிடையாது. வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் நாளும் அது வெறும் புல்மேடு. மேலே மாடு மேயும். அடியில் குட்டை அளவுக்குத் தண்ணீர் நிற்கும். எப்போதோ ஒரு ராத்திரி மேட்டுப் பக்கம் பேய்மழை கொட்டும்போதுதான், சில மணி நேரத்துக்கு அது அணையாக வேண்டியிருக்கும். அந்தச் சில மணி நேரத்துக்காக ஐம்பது வருஷம் காத்துக் கிடக்கும் மண்கரை என்னென்ன விதங்களில் ஏமாற்றும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் இப்படிப்பட்ட கரைகள் 2,100-க்கும் அதிகம். ஒரே அரசுத் திட்டத்தில் நாடு முழுக்க 47 மாநிலங்களில் கட்டியவை ஏறத்தாழ 11,850. இவ்வளவு அணைகளை எதற்குக் கட்டினார்கள் என்று கேட்டால், கதை வாஷிட்டா ஆற்றங்கரையில் போய் நிற்கும். 1934 ஏப்ரலில் ஹேமன் என்ற சிற்றூர்ப் பக்கம் கொட்டிய மழையில் வாஷிட்டா பொங்கி 17 பேர் இறந்தார்கள். அந்தச் சீமைக்கு அப்போது இரட்டை அடி. காலங்காலமாகப் புல் போர்த்திக் கிடந்த நிலத்தை உழுது பருத்தியும் கோதுமையும் போட்டிருந்தார்கள். மழை பொய்த்த மாதங்களில் அந்த மண் புழுதியாகப் பறந்தது; மழை வந்த அன்று சேறாகி ஆற்றில் ஓடியது. ஆற்றின் வாயை அடைப்பதைவிட, ஆற்றுக்கு வரும் நூறு ஓடைகளின் தலைமாட்டிலேயே தண்ணீரை நிறுத்திவைத்தால் என்ன என்ற யோசனை அங்கேதான் வலுத்தது.

1944இல் வந்த வெள்ளத் தடுப்புச் சட்டம், 11 ஆற்றுப்படுகைகளில் இந்த வேலையைச் செய்ய மத்திய வேளாண் துறைக்கு அதிகாரம் கொடுத்தது. வாஷிட்டா அவற்றில் ஒன்று. 1948 ஜூலையில் கார்டெல் நகருக்கு அருகே கிளவுட் கிரீக் ஓடையில் முதல் அணை எழுந்தது. 1954இல் வந்த இன்னொரு சட்டம் திட்டத்தை நாடு முழுவதற்கும் விரித்தது. அந்தச் சட்டப்படி ஓர் அணையில் வெள்ள நீருக்கென்று ஒதுக்கக்கூடிய இடத்தின் உச்ச வரம்பு 12,500 ஏக்கர் அடி. நம் கணக்கில் அரை டி.எம்.சி.க்குச் சற்று மேல். கட்டியவற்றில் பெரும்பாலானவை இந்த வரம்புக்கு வெகு கீழே. நிலம் விவசாயி கொடுத்தது, வரைபடம் மத்திய அரசுப் பொறியாளர்கள் போட்டது, பராமரிப்பு உள்ளூர் அமைப்பின் தலையில்.

சண்டை இல்லாமல் இது நடந்துவிடவில்லை. பேராற்றில் பேரணை கட்டுவதே சரி என்ற ராணுவப் பொறியாளர்களும், ஓடைதோறும் சிற்றணை வேண்டும் என்ற வேளாண் துறையும் வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்றன. லூனா லியோபோல்டு, தாமஸ் மேடாக் என்ற இரு நீரியலாளர்கள் 1954இல் இந்தத் தகராறைப் பற்றி மட்டுமே ஒரு புத்தகம் போட்டார்கள். யார் பக்கம் நியாயம் என்ற விவகாரம் இங்கே வேண்டாம். கட்டி முடித்த கரைகள் இருக்கின்றன, அவற்றைப் பார்ப்போம்.

ஓடையின் குறுக்கே, பக்கத்தில் வெட்டிய மண்ணையே மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, ஈரம் பார்த்து, ரோலர் ஏற்றி இறுக்கிய கரை. அதன் அடிவயிற்றைக் குறுக்காகத் துளைத்துக்கொண்டு ஒரு குழாய். குழாயின் நீர்ப்பக்க முனையில் ஒரு கான்கிரீட் தூண் கிணறு நிற்கும். மாடித் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய் செய்யும் வேலைதான் அதற்கும். தண்ணீர் அதன் வாய்வரை ஏறும்போது குட்டை நிற்கிறது; அதற்கு மேல் வந்தால், குழாய் கொள்ளுமளவு மட்டும் கீழே இறங்கும், மிச்சம் தேங்கும். ஒரு வாரம், பத்து நாளில் வடிந்து பழையபடி குட்டையாகிவிடும். இதையும் மிஞ்சுகிற வெள்ளத்துக்காகக் கரையின் ஒரு கோடியில், இயல்பான மேட்டை வெட்டிப் புல் வளர்த்த அகலமான வாய்க்கால் உண்டு. நம் கலிங்கலின் வேலைதான் அதற்கும், ஆனால் கல்லும் காரையும் கிடையாது. பல தலங்களில் அந்தப் புல் வாய்க்கால் கட்டிய நாள் முதல் ஒரு சொட்டு வெள்ளத்தையும் பார்த்திருக்காது.

ஷட்டர் இல்லை, மோட்டார் இல்லை, மதகைத் திறக்க ஆள் இல்லை. நடுராத்திரியில் யாரும் டார்ச் லைட்டோடு ஓட வேண்டாம்; திறக்க மறந்தார்கள் என்ற பழியும் யார் மேலும் விழாது. எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு! ஆனால் ஆள் தேவைப்படாத அணைக்கு ஆள் போவதும் இல்லை.

அணைகள் எப்படி உடைகின்றன என்பதை எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் ஃபாஸ்டர், ராபின் ஃபெல் குழுவினர் உலகெங்கும் உடைந்த பெரிய மண்ணணைகளின் பதிவுகளைத் தொகுத்து 2000இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ பாதி, தண்ணீர் கரைக்கு மேலே வழிந்ததாலோ உபரிநீர்ப் போக்கி கைவிட்டதாலோ உடைந்தவை. கிட்டத்தட்ட மறுபாதி, கரைக்குள்ளேயோ அடியிலேயோ நீர் மண்ணை அரித்து வழி போட்டதால் உடைந்தவை. சரிவு சரிந்து விழுந்தவை சொற்பம். உள்ளரிப்பால் உடைந்தவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முதல் நிரப்பிலோ முதல் ஐந்து ஆண்டுகளுக்குள்ளோ உடைந்திருக்கின்றன என்பது அந்தத் தொகுப்பின் இன்னொரு முடிவு.

இதைக் கேட்டதும், ஐம்பது வருஷம் நின்ற கரைக்கு இனி என்ன பயம் என்று தோன்றும். பாசன அணைக்கு அந்த ஆறுதல் ஓரளவு செல்லும். அது கட்டிய ஓரிரு வருஷத்தில் நிரம்பியிருக்கும், குறை இருந்தால் அப்போதே காட்டியிருக்கும். வெள்ளத் தடுப்பு அணைக்கு முதல் நிரப்பு எப்போது? முப்பது வருஷம் கழித்து இருக்கலாம், இன்னும் வராமலே இருக்கலாம். குட்டைக்கு மேலே உள்ள கரை தன் வாழ்நாளில் ஒரு முறைகூட நீரின் அழுத்தத்தைத் தாங்கியிருக்காது. சும்மா இருந்ததாகவும் சொல்ல முடியாது: கோடை வெயிலில் களிமண் காய்ந்து வெடித்திருக்கும், வேர்கள் இறங்கியிருக்கும், எலியும் பெருச்சாளியும் குடியேறியிருக்கும், அடியில் குழாய் துருப்பிடித்திருக்கும். வயது ஐம்பது, அனுபவம் பூஜ்யம். ஆவணத்தில் "ஐம்பது ஆண்டுகளாகக் குறைபாடு எதுவுமில்லை" என்று எழுதியிருந்தால், பல இடங்களில் அதற்கு "ஐம்பது ஆண்டுகளாகச் சோதிக்கப்படவில்லை" என்றுதான் பொருள்.

கரைக்கு மேலே தண்ணீர் வழிந்தால் என்ன ஆகும் என்பதை ஓக்லஹோமாவிலேயே ஸ்டில்வாட்டர் நகரில் உள்ள வேளாண் துறையின் நீரியல் ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே செய்து பார்த்திருக்கிறார்கள். திறந்தவெளியில் ஆள் உயரத்துக்குக் கரை கட்டி, மேலே தண்ணீரை வழியவிட்டு, படம் பிடித்தார்கள். மண் ஒரேயடியாகக் கரைந்து போவதில்லை. முதலில் வெளிச்சரிவில் புல்லுக்கு இடையே ஒரு சிறு பள்ளம் விழுகிறது. பள்ளம் படியாகிறது, படியில் விழும் நீர் அடியைக் குடைய, மேல் விளிம்பு கட்டி கட்டியாகச் சரிகிறது. படி பின்னோக்கி, அதாவது நீர்ப்பக்கத்தை நோக்கி நகர்கிறது. அது கரையின் உச்சியைக் கடந்து உள்விளிம்பைத் தொட்டுவிட்டால் கதை முடிந்தது. உடைப்பு கீழிறங்கி அகன்று, தேங்கிய நீர் மொத்தமும் பாயும்.

வியக்க வைத்தது வேகத்தில் இருந்த வித்தியாசம். மணல் கலந்த மண்ணில் கட்டிய கரை சீக்கிரமே உடைந்தது. பக்குவமாக இறுக்கிய களிமண் கரை மணிக்கணக்கில் வழிந்தும் நின்றது. ஒரே மண்ணில்கூட, இறுக்கும்போது இருந்த ஈரத்தைப் பொறுத்து அரிப்பின் வேகம் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று மாறியது. மண்ணை இறுக்க உகந்த ஈரம் ஒன்று உண்டு என்பதை லாஸ் ஏஞ்சலஸ் நகரின் பொறியாளர் ரால்ஃப் புரோக்டர் 1933இலேயே எழுதிவிட்டார். அதைவிடக் காய்ந்த மண்ணில் ரோலரை எத்தனை தடவை ஓட்டினாலும் கட்டிகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள் தங்கிவிடும். தண்ணீர் லாரி அன்றைக்குத் தாமதமாக வந்ததா என்பது அரை நூற்றாண்டு கழித்து ஒரு வெள்ளத்தின்போது தெரியவரும்.

வழிவது கண்ணுக்குத் தெரியும். உள்ளரிப்பு அப்படியல்ல.

எல்லா மண்கரையும் கசியும், கசிவு குற்றமில்லை. கசியும் நீர் வெளிவரும் இடத்தில் மண் துகளையும் கையோடு கொண்டுவந்தால்தான் ஆபத்து. ஒரு துகள் போன இடத்தில் நீர்ப்பாதை அந்த அளவுக்குக் குறைகிறது, அழுத்தச் சரிவு கூடுகிறது, அடுத்த துகள் இன்னும் எளிதாகக் கிளம்புகிறது. இப்படி வெளிமுனையில் தொடங்கி உள்ளே போய்க்கொண்டே இருக்கும் பொந்து, நீர்ப்பக்கத்தைத் தொடும்வரை மேலே புல் பச்சையாகத்தான் இருக்கும். தொட்ட பிறகு மணிக்கணக்குதான், சில சமயம் அதுவும் இல்லை.

பொந்துக்கு மிகவும் பிடித்த பாதை, பொறியாளரே போட்டுக்கொடுத்த பாதை: கரையைத் துளைக்கும் குழாயின் ஓரம். உருண்டையான குழாயின் அடிவளைவில் ரோலர் போகாது. கையால் திணிக்கும் மண் அவ்வளவு இறுகாது. கொலராடோவில் ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் இருந்த லான் லேக் அணை இதற்குச் சாட்சி. அது வெள்ளத் தடுப்பு அணையல்ல, சமவெளி விவசாயிகள் பாசனத்துக்காக 1903இல் கடல் மட்டத்துக்கு மேல் 3,300 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் கட்டியது. உயரம் வெறும் 26 அடி. வெளியேற்றும் குழாயும் வால்வும் சேரும் மூட்டில் ஈயம் வைத்து அடைத்திருந்தார்கள். அந்த ஈயம் நாளடைவில் சிதைந்தது. மூட்டு வழியே பீச்சிய நீர் சுற்றியிருந்த மண்ணை அரித்தது. 1982 ஜூலை 15 விடிகாலையில் கரை உடைந்தது.

வெளியேறிய தண்ணீர் 674 ஏக்கர் அடி, ஏறத்தாழ 29 மில்லியன் கன அடி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவான 3,645 மில்லியன் கன அடியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் மலைச்சரிவில் அந்தத் தண்ணீர் பாறைகளை உருட்டிக்கொண்டு இறங்கியது. வழியில் இருந்த ஒரு சிறு கான்கிரீட் அணையும் உடைந்தது. கூடாரம் போட்டிருந்தவர்களில் மூன்று பேர் இறந்தார்கள். எஸ்டெஸ் பார்க் ஊரின் கடைத்தெருவுக்குள் சேறு புகுந்தது. சாவு மூன்றோடு நின்றதற்கு ஒரு முக்கியக் காரணம், அந்நேரம் குப்பை அள்ள வந்திருந்த லாரி ஓட்டுநர் ஒருவர். மலைமேல் கேட்ட இரைச்சலை அலட்சியம் செய்யாமல் அவசரத் தொலைபேசியில் பூங்கா அலுவலர்களுக்குச் சொன்னார். எச்சரிக்கை ஏற்பாடு என்று அந்த அணைக்கு இருந்தது அவ்வளவுதான்.

வாஷிட்டா வகை அணைகளில் தொடக்க காலத்தில் போட்டவற்றில் பல, நெளிநெளியான இரும்புத் தகட்டுக் குழாய்கள். மலிவு, சீக்கிரம் பொருத்தலாம். மண்ணின் தன்மையைப் பொறுத்து சில பத்தாண்டுகளில் அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டை விழும். குழாயை ஒட்டிய கசிவைத் தடுக்க, அதைச் சுற்றிக் குறுக்கே கான்கிரீட் பட்டைகள் வைப்பதும் அந்தக் காலத்து வழக்கம். நீரின் பாதையை நீட்டினால் அது களைத்துவிடும் என்பது கணக்கு. நடந்தது வேறு: பட்டையைச் சுற்றி ரோலர் திரும்ப இடமில்லாமல், இறுக்கம் இன்னும் மோசமானது. 1980களில் அமெரிக்கத் துறைகள் இந்தப் பட்டைகளைக் கைவிட்டன. பதிலாக வந்தது, குழாயைச் சுற்றித் தரம் பார்த்துச் சலித்த மணலால் ஒரு தடுப்பு. மணலா நீரைத் தடுக்கும் என்று கேட்கலாம். அது நீரைத் தடுப்பதற்காக வைத்ததே அல்ல. நீரைப் போக விட்டு, மண் துகளை மட்டும் பிடித்துவைக்கும். துகள் போகாவிட்டால் பொந்து வளராது. மண்ணியக்கவியலின் தந்தை எனப்படும் கார்ல் டெர்சாகி போட்ட அடிப்படை இது. மணல் எவ்வளவு நயமாக இருக்க வேண்டும் என்பதைச் சோதனைக் கூடத்தில் துல்லியப்படுத்தியவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் ஷெரார்ட்.

ஷெரார்டின் பெயர் ஓக்லஹோமாக் கதையில் இன்னொரு இடத்திலும் வருகிறது. ஓக்லஹோமாவிலும் மிசிசிப்பியிலும் புத்தம் புதிய சிற்றணைகள் சில, முதல் பெருமழையில் நீர் ஏறியதுமே துளை விழுந்து உடைந்தன. வேலையில் குறை தெரியவில்லை. மண் நல்ல களிமண். வழக்கமான சோதனைகளில் எல்லாம் தேறியது. ஷெரார்டும் வேளாண் துறைப் பொறியாளர்களும் ஆராய்ந்து 1972இல் காரணத்தை எழுதினார்கள். அந்தக் களிமண்ணின் துளை நீரில் சோடியம் அதிகம். சாதாரணக் களிமண்ணில் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும். நீர் வேகமாக ஓடினால்தான் பிரியும். சோடியம் மிகுந்த களிமண்ணிலோ, நீர் அசையாமல் நின்றாலே துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பிரிந்து மிதக்கத் தொடங்கும். அத்தகைய கரையில் தலைமுடி கனத்தில் ஒரு விரிசல் இருந்தாலும் போதும்.

இதைக் கண்டுபிடிக்க லட்ச ரூபாய் எந்திரம் தேவையில்லை. பட்டாணி அளவு மண் கட்டியை, காய்ச்சி வடித்த நீர் உள்ள கண்ணாடிக் கிளாசில் மெதுவாக இறக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாதாரண மண் உதிர்ந்து அடியில் சிறு குவியலாகக் கிடக்கும், மேலே நீர் தெளிவாக இருக்கும். பொல்லாத மண்ணானால், கட்டியைச் சுற்றி மூட்டம் போலக் கலங்கல் கிளம்பி, கிளாசின் அடி முழுக்கப் பரவி, பிறகு மேலேறும். இதை உறுதி செய்ய ஷெரார்ட் குழு உருவாக்கிய சோதனையில், இறுக்கிய களிமண் உருளையின் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவில் ஊசித்துளை போட்டு அதன் வழியே நீரை ஓடவிடுவார்கள். தெளிவாக வந்தால் சரி. கலங்கி வந்து துளையும் பெரிதாகிக்கொண்டே போனால், அந்த மண்ணில் சுண்ணாம்போ ஜிப்சமோ கலக்க வேண்டும், இல்லையென்றால் மணல் தடுப்பை நம்பித்தான் கட்ட வேண்டும்.

மண்ணும் குழாயும் உள்ளே மாறிக்கொண்டிருக்க, அணைக்குக் கீழேயும் ஒன்று மாறிக்கொண்டிருந்தது. அது தெரியவர ஜார்ஜியாவில் 39 பேர் சாக வேண்டியிருந்தது.

டக்கோவா அருவிக்கு மேலே இருந்த கெல்லி பார்ன்ஸ் அணையை யாரும் உட்கார்ந்து வடிவமைத்ததாகச் சான்றில்லை. 1899இல் மின்சாரத்துக்காக மரச்சட்டமும் கல்லுமாகப் போட்ட ஒரு தடுப்பின்மேல், பிற்பாடு மண்ணைக் கொட்டி உயர்த்திக்கொண்டே போனார்கள். 1957இல் மின் உற்பத்தி நின்றது; அதன் பிறகு அது பொழுதுபோக்கு ஏரி. வெளிச்சரிவு செங்குத்து, அதில் மரங்கள். அருவிக்குக் கீழே ஒரு விவிலியக் கல்லூரியும் குடியிருப்பும். சில நாள் தொடர்மழைக்குப் பிறகு, 1977 நவம்பர் 6 நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குக் கரை உடைந்தது. உயரம் 38 அடி, வெளியேறிய நீர் 630 ஏக்கர் அடி. மத்திய விசாரணைக் குழு ஒற்றைக் காரணத்தைச் சொல்ல முடியாமல், சரிவு வீழ்ச்சியும் கசிவும் சேர்ந்திருக்கலாம் என்று பல சாத்தியங்களை வரிசைப்படுத்தியது. வரைபடமே இல்லாத கரையில் அதற்கு மேல் என்ன சொல்ல?

அப்போது அமெரிக்காவின் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர், முன்பு ஜார்ஜியாவின் ஆளுநராக இருந்தவர். தனியார் அணைகளைச் சோதிக்க 1972இலேயே சட்டம் இருந்தது, பணம்தான் ஒதுக்கவில்லை. டக்கோவாவுக்குப் பிறகு ஒதுக்கினார்கள். 1978 முதல் 1981 வரை ராணுவப் பொறியாளர்கள் 8,800-க்கும் மேற்பட்ட அணைகளைச் சோதித்ததில் மூன்றில் ஒன்று பாதுகாப்பற்றது என்று தெரிந்தது. ஜார்ஜியா தனக்கென்று 1978இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. அணை உடைந்தால் கீழே உயிர்ச்சேதம் நேருமா என்பதே அதில் முதல் கேள்வி.

இந்த வகைப்பாட்டைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "அதிக ஆபத்து" வகை அணை என்றால் விரிசல் விட்ட அணை என்று பொருளல்ல. நேற்றுக் கட்டிய உறுதியான அணையும் அதில் வரும். உடைந்தால் கீழே மனிதர் சாவார்கள் என்பது மட்டுமே அளவுகோல். ஆகவே கரையில் ஒரு கைப்பிடி மண்ணும் நகராமலே அணை "குறைந்த ஆபத்து" வகையிலிருந்து "அதிக ஆபத்து" வகைக்குப் போய்விட முடியும். கீழே ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டால் போதும்.

அட்லாண்டா நகரை ஒட்டிய கிவின்னெட் கவுண்டியில் நடந்தது இதுதான். 1960இல் அங்கே மக்கள்தொகை ஏறத்தாழ 43,500. மேய்ச்சல் நிலத்தையும் பயிரையும் காப்பதற்காக அந்தப் பத்தாண்டில் யெல்லோ ரிவர் படுகையில் வேளாண் துறை சிற்றணைகள் கட்டியது. வயலில் வெள்ளம் நின்றால் பயிர் போகும், ஆள் போகமாட்டார்கள் என்ற கணக்கில் உபரி வாய்க்கால்களின் அகலத்தை வைத்தார்கள். அன்றைக்கு அது நியாயமான கணக்கு. 2020இல் அதே கவுண்டியில் 9,57,000 பேர். வெள்ளம் வராத தாழ்நிலம் கிடைத்தால் மனை வியாபாரி விடுவாரா? வெள்ளம் வராததற்குக் காரணமே மேலே இருந்த அணைதான். வீடுகளோடு கூடவே தார்ச்சாலையும் கூரைகளும் வந்ததால், மழைநீர் நிலத்தில் இறங்காமல் அணைக்கு முன்னைவிட வேகமாகவும் வந்தது. கேட்கப்பட்ட வேலை கூடியது, தோற்றால் விலையும் கூடியது, கரை பழைய கரை. 2000-க்குப் பிறகு கிவின்னெட்டில் இந்த அணைகளை ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். சில இடங்களில் பக்கவாட்டு வாய்க்காலை அகலப்படுத்த இடமே மிஞ்சவில்லை, வீடுகள் ஒட்டியிருந்தன. அங்கே கரையின் மேலேயே ரோலரால் இறுக்கிய கான்கிரீட்டைப் படிப்படியாகப் போர்த்தி, பெருவெள்ளம் அதன்மேல் வழிந்தாலும் மண் அரிபடாதபடி செய்தார்கள்.

வீடு கீழே மட்டும்தான் வரும் என்றும் இல்லை. டெக்சாஸின் ஹூஸ்டனில் 1940களில் கட்டிய பார்க்கர், ஆடிக்ஸ் என்ற இரு வெள்ளத் தடுப்பு மண்ணணைகள் சிறியவை அல்ல. இருந்தாலும் பாடம் ஒன்றுதான். வழக்கமாக வறண்டு கிடக்கும் நீர்ப்பரப்பின் விளிம்புகளை அரசு கையகப்படுத்தாமல் விட்டிருந்தது. அங்கே நகர்கள் முளைத்தன. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் மழையில் நீர்த்தேக்கம் முன்னெப்போதும் காணாத மட்டத்துக்கு ஏறியபோது, அணைக்கு உள்ளேயே ஆயிரக்கணக்கான வீடுகள் இருந்தன.

கரையின் மேல் நடந்து பார்க்கிறவருக்கு என்ன தெரியும்? அனுபவசாலி முதலில் நடப்பது கரையின் உச்சியில் அல்ல, வெளிப்பக்க அடிவாரத்தில். புல் வெட்டாத கரையில் அவருக்கு வேலையே இல்லை, ஒன்றும் தெரியாது. கோடையிலும் ஓர் இடத்தில் மட்டும் கோரை பச்சையாக நின்றால் அங்கே கசிவு. கையில் ஒரு வாளியும் கடிகாரமும் போதும்: வடிகுழாயில் வரும் நீர் வாளியை நிரப்ப எத்தனை விநாடி என்று பார்த்து, போன வருஷக் குறிப்போடு ஒப்பிடுவார். ஏரி மட்டம் ஏறாமல் கசிவு ஏறினால் கவலை. கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கலங்கல் இருந்தால் அன்றிரவு அவருக்குத் தூக்கம் இல்லை. அடிவாரத்தில் எறும்புப் புற்றைப் போல நுண்மணல் வளையம் கட்டி நடுவில் நீர் கொப்புளித்தால், யாரையும் கேட்காமல் நீர்மட்டத்தை இறக்கத் தொடங்குவதே முறை. குழாய்க்குள் சக்கரம் வைத்த கேமராவை ஓட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. தூண் கிணற்றின் வாயில் சருகும் கட்டையும் அடைத்திருக்கிறதா என்பதைச் சோம்பேறிகள் பார்ப்பதில்லை. அதை அடைத்துவிட்டால் சாதாரண மழைக்கே புல் வாய்க்கால் ஓடவேண்டி வரும்.

மரம் வேண்டாம் என்றால் ஊரார் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் வேண்டாம். புயலில் வேரோடு சாய்ந்தால் கரையில் ஒரு வண்டிப் பள்ளம். வெட்டிவிட்டால் வேர் மக்கிய இடமெல்லாம் நீருக்கு வழி. வளை தோண்டும் பிராணிகள் ஒரு வரலாறு. 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே மண்ணணை உடைந்து சுமார் இருபது பேர் இறந்தபோது, மாநில அமைச்சர் ஒருவர் பழியை நண்டுகள்மேல் போட்டார். எதிர்க்கட்சியினர் நண்டுகளைப் பிடித்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய்க் கேலி செய்தார்கள். நண்டும் எலியும் கரையைக் குடையும் என்பது உண்மைதான். ஆனால் வளையைக் கண்டுபிடித்து அடைப்பது பராமரிப்பின் பால பாடம். கரை கசிகிறது என்று கிராமத்தார் முன்பே புகார் செய்திருந்த இடத்தில் நண்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

இந்தியாவின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021இல் வந்தது. 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகள் அதற்குள் அடங்கும். 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவை, நீளமோ கொள்ளளவோ வெள்ள அளவோ குறிப்பிட்ட எல்லையைத் தொட்டாலோ, அடித்தளம் மிகச் சிக்கலானதாகவோ வடிவமைப்பு வழக்கத்துக்கு மாறானதாகவோ இருந்தாலோதான் வரும். ஒரு மில்லியன் கன மீட்டர் கொள்ளளவே போதும் என்பதால் எல்லை தாராளமானது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் லான் லேக் அணை 8 மீட்டர். கெல்லி பார்ன்ஸ் பதினொன்றரை மீட்டருக்குச் சற்று மேல், உடைந்தபோது வெளியேறியது ஒரு மில்லியன் கன மீட்டருக்கும் குறைவு. 42 பேரைக் கொன்ற இந்த இரண்டு கரைகளும் இங்கே இருந்திருந்தால் முதலாவது நிச்சயமாகவும் இரண்டாவது பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்கு வெளியேதான் நின்றிருக்கும்.

வாஷிட்டா வகை அணைகளில் பெரும்பாலானவற்றுக்கு வகுத்த ஆயுள் 50 ஆண்டு. முதல் அணைகள் அந்த வயதைத் தொட்டபோதுதான், 2000இல், சீரமைப்புக்கென்று தனிச் சட்டம் வந்தது. ஓக்லஹோமாவின் செயென் ஊருக்கு அருகே சார்ஜென்ட் மேஜர் கிரீக் ஓடையில் உள்ள இரண்டாம் எண் அணைதான் நாட்டிலேயே முதலில் புதுப்பித்தது. உரிமையாளருக்கு முன்னால் இருக்கும் வழிகள் சில. புதுக் குழாய் போட்டு, கரையை உயர்த்தி, வாய்க்காலை அகலப்படுத்தலாம். கீழே உள்ள வீடுகளை விலைக்கு வாங்கி இடிக்கலாம். அணையையே வெட்டி எடுத்துவிடலாம். கடைசி வழி சுலபமாகத் தோன்றும். ஆனால் ஐம்பது வருஷம் ஓடை கொண்டுவந்து சேர்த்த வண்டல் முழுக்க அணைக்குப் பின்னால் இருக்கிறது, அணையை நம்பிக் கட்டிய பாலங்களும் வீடுகளும் முன்னால் இருக்கின்றன. எடுத்துவிட்டால் 1934இன் வெள்ளம் மறுபடி அதே தாழ்நிலத்துக்கு வரும், இப்போது அங்கே ஊர் இருக்கிறது.

சீரமைப்புச் செலவில் 65 சதவீதத்தை மத்திய அரசு ஏற்கிறது. மீதி 35 உள்ளூர் அமைப்பின் பொறுப்பு. ஓக்லஹோமாவில் இந்தக் கரைகளைப் பராமரிக்கும் மண்வளப் பாதுகாப்பு மாவட்டங்களுக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. கரையில் புல் வெட்டவும் சருகை அள்ளவும் மாநில அரசு ஒதுக்கும் பணத்தைத்தான் அவை எதிர்பார்த்திருக்கின்றன.